கூப்பர் பிளாக்: பருத்த எழுத்தின் கனிவு

1922இல் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பின்ட்லர் எழுத்து வார்ப்பகம் வெளியிட்ட கூப்பர் பிளாக்கை 'அன்பான எழுத்துரு' என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். எழுத்துருவுக்கு அன்பு ஏது? ஆஸ்வால்டு கூப்பர் அதை வரைந்தது விளம்பரத்துக்கு, உரக்கப் பேசுவதற்கு. 1966இல் பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையில் ஏறி, எழுபதுகளில் கடைப்பலகைகளிலும் டி-ஷர்ட்டுகளிலும் புழங்கிய பின்னரே அக்கனிவு அதன்மேல் படிந்தது. சொல்லுக்குப் பொருள் வழக்கால் அமைவதைப் போலத்தான் இதுவும்.

வடிவத்துக்குப் பங்கே இல்லை என்பதன்று. அதன் செரிஃப் முனைகள் கூர்மையின்றி உருண்டவை. ஆங்கில 'ஓ'வின் உள்வெளி சற்றே பின்சாய்ந்திருக்கும். அந்த உள்வெளிகள் மிகக் குறுகியவை என்பதே அதன் எல்லையும். இரு சொல் தலைப்பைத் தெருவின் மறுபுறமிருந்தும் படிக்கலாம். அதே எழுத்துருவில் சிறிதாக அச்சிட்ட ஆய்வுச்சுருக்கமோ அருகில் நின்றாலும் கருந்திட்டாகவே தெரியும். பழமைத் தோற்றத்தை நாடும் கருத்தரங்கச் சுவரொட்டிகள் இதைத்தான் மறக்கின்றன. ஒரு மாணவர் ஆண்டுக்கணக்கில் திரட்டிய தரவை, அழகின் பெயரால் எவரும் படிக்க இயலாதபடி ஆக்குவது வடிவமைப்பு ஆகாது. கூப்பரைத் தலைப்போடு நிறுத்திக்கொண்டு, தரவுக்கு மெல்லிய எழுத்துரு ஒன்றைத் தேரலாம்.