பார்வையைத் தாழ்த்தும் கருவி

கூடுதலாகக் காட்டுவது மட்டும்தான் ஒரு கருவியின் முன்னேற்றமா? பின்சிதறல் எக்ஸ்ரே கருவியின் வரலாறு இதற்கு விடை தருகிறது. மருத்துவமனை எக்ஸ்ரே உடலை ஊடுருவிச் செல்வது. இதுவோ மேனியில் பட்டுத் திரும்பும் கதிர்களைக் கொண்டு படம் வரைவது. ஆடைக்குள் மறைத்த வெடிபொருளும் அதில் தெரியும், அவ்ரத்தும் தெரியும்.

அமெரிக்க விமான நிலையங்களில் இது பரவியபோது, இது ஹயாவுக்கு முரணானது என வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில் 2010-இல் அறிவித்தது. தம் பாலினத்தவரின் கைச்சோதனையைக் கோருமாறு முஸ்லிம்களுக்கு வழிகாட்டியது. தனியுரிமை அமைப்பினரும் எதிர்த்தனர். திரையில் பொதுவான உருவமே தோன்ற வேண்டும் என 2012-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதற்கேற்ற மென்பொருள் அமையாததால் 2013-இல் இக்கருவிகள் அங்கிருந்து அகற்றப்பட்டன. மில்லிமீட்டர் அலைக் கருவிகளோ ஐயத்துக்குரிய இடத்தை மட்டும் ஒரு பொம்மை உருவில் சுட்டிக்காட்டுகின்றன.

உயிரைக் காப்பது மார்க்கக் கடமை. ஆகவே சோதனையை நாம் மறுக்கவில்லை. மானத்தைக் காப்பதும் கடமையே. இரண்டும் ஒருங்கே இயலும் என்பதை இவ்வரலாறு காட்டிவிட்டது. எனவே சோதனை நடக்குமிடங்களில் நம் தயக்கத்தைக் கண்ணியமாக எடுத்துரைப்போம். நம் பிள்ளைகளுக்கும் அதைக் கற்பிப்போம்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.