குடை தாங்காத ஊர்

ட்ரியெஸ்தே என்ற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் தெருவில் இருந்த ஒரு இயற்பியல் பேராசிரியரிடம். கோடை விடுமுறையில் மற்ற வாத்தியார்கள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் இத்தாலிக்குப் போய்விட்டு வருவார். திரும்பி வந்ததும் தெரு முழுக்க ஒரே கேள்வி: “ரோம் பார்த்தீங்களா சார்? சாஞ்ச கோபுரம்?” இரண்டும் இல்லை என்பார். பிறகு என்னதான் பார்த்தீர்கள் என்றால், “கடல். காபி நல்லா இருக்கும். காத்து அடிச்சா ஆளையே தூக்கும்” என்று முடித்துக்கொள்வார். இவர் இத்தாலிக்கே போகவில்லை, பம்பாயில் மச்சினன் வீட்டில் தங்கிவிட்டு வருகிறார் என்று ஒரு கட்சி தெருவில் இருந்தது.

முப்பத்தைந்து வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதம், நானும் மனைவியும் அந்த ஊரில் போய் இறங்கினோம்.

திட்டம் போட்டுப் போனதாகச் சொல்ல ஆசைதான். நிஜம் வேறு. வெனிஸில் நாலு நாள் என்று போட்டிருந்தோம். இரண்டாம் நாள் மத்தியானமே போதும் என்றாகிவிட்டது. ஊர் அழகில் குறையில்லை. ஆனால் பாலம் ஏற வரிசை, இறங்க வரிசை. தர்ம தரிசன வரிசையில்கூட முடிவில் பெருமாள் உண்டு. இங்கே முடிவில் அடுத்த பாலம். பழைய வெனிஸுக்குள் இன்று குடியிருப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 2024 முதல், கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வேறு வாங்குகிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போகும் இடத்துக்கு ஊர் என்று பெயரில்லை, பொருட்காட்சி என்று பெயர்.

“ஏங்க, அந்த ஃபிசிக்ஸ் சார் சொல்வாரே ஒரு ஊர், இங்கே பக்கத்துலதானே?” என்றாள். வரைபடத்தைப் பார்த்தேன். ரயிலில் இரண்டு மணி நேரம்.

போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். கடைசி இருபது நிமிஷம் தண்டவாளம் பாறை மேல் ஓடுகிறது. கீழே அத்ரியாட்டிக் கடல். அதன் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோட்டை, மிராமரே. ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் தம்பி மாக்ஸிமிலியன் தனக்கும் மனைவிக்கும் ஆசையாகக் கட்டியது. உள்வேலை முடியும் முன்பே மெக்ஸிகோவுக்குச் சக்கரவர்த்தியாக வா என்று அழைப்பு. 1864ல் கப்பலேறினார். 1867ல் அங்கே சுட்டுக் கொன்றார்கள். வீட்டைக் கட்டிப் பார் என்பது அரச குடும்பத்துக்கும் பொருந்தும்போல.

ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் குழப்பம் வரும். இத்தாலி என்று நாம் மனதில் வைத்திருக்கும் படம் இங்கே இல்லை. வியன்னாவைப் பெயர்த்துக் கடற்கரையில் வைத்ததுபோல உயரமான, கனமான, சாம்பல் நிறக் கட்டடங்கள். ஒரு கால்வாய், அதன் கரையில் நீலக் கூரையோடு செர்பியர்களின் கோயில், சற்றுத் தள்ளிக் கிரேக்கர்களின் கோயில், இன்னும் தள்ளி யூதர்களின் மிகப் பெரிய தொழுகைக்கூடம். மலைமேல் பழைய கத்தீட்ரல். அடிவாரத்தில், போலீஸ் தலைமையகத்துக்கு எதிரிலேயே, ரோமானியர் காலத்து நாடக அரங்கு ஒன்று சர்வ சாதாரணமாகக் கிடக்கிறது. வேறு ஊராக இருந்தால் அதைச் சுற்றி இருபது ஐஸ்க்ரீம் கடை முளைத்திருக்கும்.

இந்த ஊர் 1382ல் ஹாப்ஸ்பர்க் அரசோடு தானாகப் போய்ச் சேர்ந்தது. கடலில்லாத பெரிய சாம்ராஜ்யத்துக்குத் துறைமுகம் வேண்டியிருந்தது. 1719ல் இதைச் சுங்கமில்லாத துறைமுகமாக அறிவித்தார்கள். வியன்னா குடித்த காபி, பூடாபெஸ்ட் உடுத்திய பருத்தி எல்லாம் இந்த வழியாகத்தான். கப்பல் கம்பெனியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இங்கே பிறந்தன. பம்பாய்க்குக்கூட இங்கிருந்து கப்பல் விட்டார்கள். 1918ல் சாம்ராஜ்யம் உடைந்தது. ஊர் இத்தாலிக்கு வந்தது. இத்தாலிக்கோ ஏற்கெனவே துறைமுகம் ஏராளம், இன்னொன்று எதற்கு?

அதோடு விடவில்லை. 1943ல் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ஊரிலிருந்த அரிசி ஆலை ஒன்று வதைமுகாமாயிற்று. 1945ல் நாற்பது நாள் யூகோஸ்லாவியர்கள். பிறகு பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள். 1947லிருந்து யாருக்கும் சொந்தமில்லாத ‘சுதந்திரப் பிரதேசம்’. 1954ல்தான் மறுபடி இத்தாலி. 1910ல் இங்கே பிறந்த ஒருவர் வாசற்படி தாண்டாமலே ஐந்தாறு கொடிக்குக் கீழே வாழ்ந்திருப்பார். ஸ்லொவீனிய எழுத்தாளர் போரிஸ் பஹோர் இங்கே 1913ல் பிறந்தார். ஆறு வயதில், தன் மக்களின் பண்பாட்டு மாளிகையை ஃபாஸிஸ்டுகள் கொளுத்துவதைக் கண்ணால் பார்த்தார். 2020ல் அந்த மாளிகையை ஸ்லொவீனியர்களுக்கே திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அவர் இருந்தார். 2022ல், 108 வயதில் காலமானார்.

பார்க்கத் தகுந்தும் யாரும் பார்க்காத ஊர்களுக்குப் பெரும்பாலும் இதே ஜாதகம்தான் என்று எனக்கு ஒரு தீர்மானம். பணம் வந்து, கட்டடம் எழும்பி, பிறகு பணம் மட்டும் வேறு வழி பார்த்துப் போயிருக்கும். மலேசியாவில் ஈப்போ ஈயத்தில் பணக்கார ஊரானது. 1985ல் ஈயத்தின் விலை விழுந்தது, இளவட்டம் கோலாலம்பூருக்குப் போயிற்று, பழைய கடைவீதியை இடிக்க யாருக்கும் அவசரமில்லாமல் போயிற்று. சிலியில் வல்பரைஸோ, தென் அமெரிக்காவைச் சுற்றிவந்த கப்பல்களெல்லாம் நின்று போன துறைமுகம். 1914ல் பனாமா கால்வாய் திறந்ததும் கப்பல்கள் குறுக்கு வழியில் போய்விட்டன. நமக்குக் காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பார்த்தால் மீதி விளங்கும். பர்மாப் பணம் நின்றது, தேக்குத் தூண் நிற்கிறது.

இருக்கட்டும், காபிக்கு வருகிறேன். அதற்காகத்தானே இந்தப் பத்தியே.

ட்ரியெஸ்தேயில் கப்பூச்சினோ என்று கேட்டால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். இங்கே காபிக்குத் தனிப் பாஷை. ‘நேரோ’ என்றால் கறுப்பு, அதாவது சாதாரண எஸ்பிரஸ்ஸோ. ‘கப்போ’ என்றால் அதில் கொஞ்சம் பால் நுரை. ‘கப்போ இன் பி’ என்றால் அதுவே சின்னக் கண்ணாடித் தம்ளரில். ‘பி’ என்பது கண்ணாடித் தம்ளருக்கான இத்தாலியச் சொல்லின் முதல் எழுத்து. மற்ற இத்தாலியர்கள் கப்பூச்சினோ என்பது இங்கே ‘கஃபேலாத்தே’. ரோமிலிருந்து வருகிறவரும் திருதிருவென்று விழிப்பாராம். எனக்கு விழிப்பு வரவில்லை. ஒரே மேஜையில் ஒருவர் ஸ்ட்ராங், ஒருவர் லைட், ஒருவர் டிகாஷன் தூக்கலாக, ஒருவர் சர்க்கரை இல்லாமல், ஒருவர் பாதிப் பாதி என்று சொல்ல, சர்வர் எழுதாமலே கொண்டுவந்து மாற்றாமல் வைக்கும் நாட்டிலிருந்து போனவன் நான். சின்னக் கண்ணாடித் தம்ளரில் வந்த கப்போவைக் கையில் வாங்கியபோது டபரா இல்லாத குறை ஒன்றுதான்.

இத்தாலியிலேயே காபிக்கொட்டை அதிகம் இறங்கும் துறைமுகம் இதுதான். இல்லி கம்பெனி 1933ல் இங்கே தொடங்கியது. இந்தியக் காபியை உலகிலேயே அதிகம் வாங்குவது இத்தாலி. ஆகவே, நாம் குடித்த கப்போவில் குடகுக் கொட்டை ஒன்றிரண்டாவது இருந்திருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். “அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?” என்றாள். நியாயம்தான்.

1914ல் திறந்த சான் மார்க்கோ காபிக் கடைக்குள் ஒரு புத்தகக் கடையும் இருக்கிறது. ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். எழுந்திருக்கச் சொல்லி யாரும் மேஜையைத் துடைக்கவில்லை.

எழுத்தாளர்களுக்கு இந்த ஊர் தோதாக இருந்ததில் வியப்பில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904ல் கையில் காசில்லாமல் வந்து, ஆங்கில வாத்தியாராகப் பிழைத்து, வாடகை கொடுக்க முடியாமல் வீடு வீடாக மாறி, பத்து வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தார். இரண்டு குழந்தைகளும் இங்கேதான் பிறந்தன. ‘யுலிஸிஸ்’ நாவலை இங்கேதான் தொடங்கினார். அவரிடம் ஆங்கிலம் படிக்க வந்தவர்களில் ஒருவர் மாமனாரின் கப்பல் பெயிண்ட் கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்த நடுவயசு வியாபாரி. இளமையில் இரண்டு நாவல் எழுதி, சீண்டுவாரில்லாமல் எழுத்தையே விட்டிருந்தவர். ஜாய்ஸ் அவற்றைப் படித்துவிட்டு, நீங்கள் பெரிய எழுத்தாளர் ஐயா என்கிற தோரணையில் பாராட்டினார். மனிதர் மறுபடி பேனா எடுத்தார். இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் 1923ல் வந்த ‘ஸேனோவின் மனசாட்சி’ இன்று இத்தாலியின் பெரிய நாவல்களில் ஒன்று. டியூஷன் வாத்தியாரால் மாணவர் இலக்கியவாதியான கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மேட்டின் மேல் இருக்கும் சான் ஜொவான்னி பூங்காவுக்குப் போனோம். ஆயிரக்கணக்கில் ரோஜாச் செடிகள். மார்ச்சில் வெறும் முள். ஒரு காலத்தில் இது மனநோய் மருத்துவமனை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பூட்டி வைத்திருந்த இடம். 1971ல் ஃபிராங்கோ பஸாலியா என்ற டாக்டர் பொறுப்புக்கு வந்து, பூட்டுகளைத் திறக்கத் தொடங்கினார். அங்கே துணிமூட்டை வண்டி இழுத்த மார்க்கோ என்ற கிழட்டுக் குதிரையைக் கசாப்புக்கு அனுப்ப இருந்தார்கள். நோயாளிகள் மனுக் கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள். 1973ல் அதே பெயரில் மரத்தாலும் காகிதக்கூழாலும் பெரிய நீலக் குதிரை செய்து, அதன் வயிற்றில் தங்கள் ஆசைகளை எழுதிப் போட்டார்கள். ஊர்வலம் கிளம்பினால் குதிரை வாசலில் நுழையவில்லை. குதிரையைச் சின்னதாக்கவில்லை, வாசலை உடைத்தார்கள். 1978ல் இத்தாலி முழுவதும் இப்படிப்பட்ட மருத்துவமனைகளை மூட வழிசெய்யும் சட்டம் வந்தது. இன்று அந்தப் பூங்காப் பாதையில் கல்லூரி மாணவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பார்த்த எந்த அரண்மனையும் அவ்வளவு நேரம் என்னை நிறுத்தி வைக்கவில்லை.

நம் பேராசிரியர் போன இடத்தையும் தேடிப் பார்த்தேன். மிராமரே கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம். பாகிஸ்தானின் அப்துஸ் சலாம் 1964ல் தொடங்கியது. லாகூரில் வேலை பார்த்த காலத்தில், பேச இன்னொரு இயற்பியல்காரர் இல்லாமல் தவித்துக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியவர் அவர். ஏழை நாட்டு விஞ்ஞானி சொந்த ஊரை விட்டுவிடாமலே வருஷத்தில் சில மாதம் வந்து படித்துப் போக ஓர் இடம் வேண்டும் என்று ஏற்படுத்தினார். 1979ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இன்று மையத்துக்கு அவர் பெயர். சார் பம்பாய்க்குப் போகவில்லை என்பதைத் தெருவின் சார்பில் இங்கே பதிவு செய்கிறேன்.

சாப்பாடு பன்றிக்கறிக்காரர்களுக்குச் சொர்க்கம். எங்களுக்குக் கொஞ்சம் திண்டாட்டம். ஆனால் ஒன்று கிடைத்தது: வேகவைத்த உருளைக்கிழங்கு மாவுக்குள் முழு பிளம் பழத்தை வைத்து மூடி, வெண்ணெய், ரொட்டித்தூள், பட்டை, சர்க்கரை தூவிக் கொடுப்பது. பூரணக் கொழுக்கட்டையேதான். அதைச் சாப்பாட்டின் ஆரம்பத்திலேயே கொடுக்கிறார்கள். தலைவாழை இலையில் முதலில் இனிப்பு வைக்கும் வழக்கமுள்ளவர்கள் ஆட்சேபிக்க முடியாது.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் செத்த மாதிரி இருக்கிறது. கிழவர்கள் ஜாஸ்தி, வாலிபர்கள் கம்மி. ‘இதைப் பார்த்தாயா?’ என்று சொந்தக்காரர்களுக்குப் போட்டோ அனுப்ப ஒரு சாய்ந்த கோபுரம் இல்லை. பத்து நாளில் ஏழு நாடு என்று பஸ்ஸிலேயே தூங்கிப் போகும் டூர்களில் இந்த ஊர் இல்லவும் இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஏழில் மூன்றை அடித்துவிட்டு இப்படி ஓர் ஊரில் நாலு நாள் உட்காருங்கள் என்பேன்.

உட்கார வேண்டிய இடம் ஒற்றுமைச் சதுக்கம். மூன்று பக்கம் மாளிகைகள், நாலாவது பக்கம் கடல். 1938 செப்டம்பரில் முஸோலினி யூதர்களுக்கு எதிரான சட்டங்களை இந்தச் சதுக்கத்தில்தான் அறிவித்தார் என்று தரையில் ஒரு பலகை சொல்கிறது. அதைத் தாண்டினால் கடலுக்குள் இருநூறு மீட்டருக்கு மேல் நீளும் கல் பாலம். கைப்பிடி இல்லை, டிக்கெட் இல்லை, கடையும் இல்லை. சாயங்காலமானால் ஊர்க்காரர்கள் அதன் கடைசிவரை நடந்து போய், கடலைப் பார்த்து, திரும்பி வருகிறார்கள்.

நாங்கள் போன நாலாம் நாள் ‘போரா’ வந்தது. மலை இடுக்கு வழியே கடலை நோக்கி விழும் குளிர்காற்று; மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். பழைய நாட்களில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருக்களில் கயிறு கட்டுவார்களாம். உலகக் காற்றுகளைப் பாட்டிலில் அடைத்து வைத்து ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நாம் பழமொழியாக வைத்திருக்கிறோம், இவர்கள் அனுபவிக்கிறார்கள். மழையும் சேர்ந்துகொண்டதால் சென்னையிலிருந்து கொண்டுபோன குடையை விரித்தேன். கம்பி மட்டும் கையில் நின்றது. குப்பைத் தொட்டியில் போடப் போனால், அதற்குள் ஏற்கெனவே நாலு குடை. அந்தப் பக்கம் வந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து, தொட்டியைப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் தலையை மூடும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம்.