பிரசவக் கணக்கில் பிறவிக்கு என்ன வேலை?

ஒரு தரம் வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்தால் பிறகு என்றைக்கும் அறுவைதான் என்பதாக 1916-ல் நியூயார்க் வைத்தியர் எட்வின் கிரேகின் எழுதியதைப் பலர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். அக்காலத்தில் கருப்பையை மேல்பாகத்தில் நெடுக்காக அறுத்தார்கள். தழும்பு பிளக்கும் பயம் அதிகம். இன்றோ பெரும்பாலும் கீழ்ப்பாகத்தில் குறுக்காக அறுக்கிறார்கள். தகுதியுள்ள பெண்கள் 100 பேர் முயன்றால் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிளப்பது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. பிளந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்தாகையால், உடனே அறுவை செய்ய வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் முயலவேண்டும்.

யாருக்குக் கைகூடும்? முன்பு ஒரு தரமாவது சுகப்பிரசவமானவளுக்கு நம்பிக்கை அதிகம். பிள்ளை தலை மேலாகக் கிடந்ததற்காக அறுத்திருந்தாலும் நம்பிக்கை உண்டு. வலி கண்டும் பிள்ளை இறங்காததால் அறுத்திருந்தால் சற்றுக் குறைவு. வயதும் எடையும் கணக்கில் சேரும். இவை காரணத்தோடு கூடியவை, நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆனால் அமெரிக்காவில் 2007-ல் வெளியான கணக்கு, பெண் கருப்பு இனத்தவளா, ஸ்பானிய வம்சத்தவளா என்றும் கேட்டது. ஆம் என்றால், மற்றதெல்லாம் சமமாயிருந்தும் எண் இறங்கிவிடும்! கருப்பைக்கு ஜாதி உண்டா என்று கேட்கின்றோம். வறுமையும் பாரபட்சமும் செய்யும் கேட்டுக்குத் தோலின்மீதா பழி? 2021-ல் அவ்வாராய்ச்சிக்காரர்களே அக்கேள்வியை நீக்கிப் புதுக்கணக்குப் போட்டார்கள். கணிப்பின் திறம் குறையவில்லை. அப்படியானால் 14 வருஷம் அக்கேள்வி யாருக்காக இருந்தது?

ஆகவே தோழர்களே, எண்ணைக் கேளுங்கள். அது எதைக்கொண்டு போடப்பட்டது என்பதையும் கேளுங்கள். கேட்டபின் தீர்மானிக்க வேண்டியவள் பிள்ளை பெறுகிறவளே.