அந்தப் பேரைச் சொன்னது யாரு?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. யாரும் தேடினதாவும் தெரியலை :-) சரி, மேட்டருக்கு வர்றேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருந்தப்ப பக்கத்து வீட்டு அக்கா வந்தாங்க. "பல்லடம் பக்கத்துல ஒருத்தரு அருள்வாக்கு சொல்றாராம், அப்படியே புட்டுப் புட்டு வெக்கிறாராம். நீங்களும் வர்றீங்களாக்கா?"ன்னு அம்மாகிட்ட கேட்டாங்க. அவங்க பையனுக்கு ரெண்டு வருஷமா பொண்ணு அமையலை, அந்தக் கவலை. அம்மா வர்றேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை. "அப்படி ஒருத்தருகிட்ட நானும் ஒருக்கா போயிருக்கறேன் அம்மிணி. பேரையே சொன்னாரு"ன்னு மட்டும் சொன்னாங்க.

பேரையே சொன்னாரு. இந்தப் பதிவே அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான். ஏன்னா அன்னைக்கு நானும் கூட இருந்தேன். அவர் எந்தப் பேரையும் சொல்லலை.

2011 பிப்ரவரி. திருப்பூர்க்காரங்களுக்கு அந்த மாசத்தை விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். நொய்யல்ல சாயக்கழிவு கலக்கறது நிக்காததால, ஜனவரி கடைசில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைங்க. துணிக்குச் சாயம் ஏறலைன்னா கட்டிங் இல்லை, கட்டிங் இல்லைன்னா தையல் இல்லை, தையல் இல்லைன்னா சனிக்கிழமை சம்பளம் இல்லை. (ஆறு செத்துட்டிருந்ததும் நிஜம். தீர்ப்பு மேல எனக்குக் குறை இல்லை. அது தனிப்பதிவுக்கான விஷயம்.) எங்கப்பா அப்ப எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செஞ்சுட்டிருந்தாரு. எட்டும் துணி போட்டு மூடிக் கிடந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பாவுக்குத் தெரியாம அம்மா என்னையும் கூட்டிக்கிட்டு ஒரு குறி சொல்றவருகிட்ட போனாங்க. எனக்கு அப்ப 13 வயசு. வெளிய பெஞ்ச்ல ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உள்ள போனதும் அவர் அம்மாவை மேலயும் கீழயும் பார்த்தாரு. கண்ணை மூடினாரு.

"தொழில்ல அடி. கழுத்துல கெடந்ததும் கடைக்குப் போயிருச்சாட்ட இருக்குது."

அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. எப்படித் தெரிஞ்சுச்சுன்னு எனக்கும் அன்னைக்கு ஆச்சரியம். இன்னைக்கு யோசிச்சா சிரிப்பு வருது. தாலிக்கொடி இருக்க வேண்டிய இடத்துல மஞ்சக்கயிறு. 2011 பிப்ரவரில திருப்பூர்ல இருந்து பஸ் ஏறி வந்த பொம்பளைக்குத் தொழில்ல அடின்னு சொல்ல ஞானக்கண் எதுக்கு? சாதாரணக் கண்ணே போதும்.

"உன்ற வூட்டுக்கு வடக்கால ஒரு சொந்தம் இல்லே?"

"இருக்குதுங்க சாமி, பெருமாநல்லூர்ல நாத்தனா இருக்கறாங்க."

"இருக்குதில்ல? அங்கிருந்துதான் காத்து வருது. ச வரிசை தெரியுது... ம வரிசையும் தெரியுது... பேரா, ஊரான்னு புடிபட மாட்டேங்குது."

"ச-தானுங்க சாமி"ன்னு சொல்லி அம்மாவே அத்தையோட முழுப்பேரையும் சொன்னாங்க. அவர் கண்ணைத் திறந்தாரு. "நாஞ்சொன்னா பாவம். நீயே சொல்லிட்டே."

இதுக்கு இங்கிலீஷ்ல கோல்ட் ரீடிங்னு பேரு. முன்னே பின்னே தெரியாத ஆளை, எந்தத் தகவலும் கையில இல்லாம, எதிர்ல உட்கார வெச்சே படிக்கிறது. (முன்கூட்டியே ஆள் வெச்சு விசாரிச்சுட்டுச் சொன்னா அது ஹாட் ரீடிங். அமெரிக்கால பீட்டர் பாப்பஃப்னு ஒரு போதகர் பக்தர்களோட வியாதியையும் விலாசத்தையும் சொல்லி அசத்திக்கிட்டிருந்தாரு. அவர் மனைவி ரேடியோ மூலமா காதுக்குள்ள சொல்லிக் கொடுத்ததை 1986-ல ஜேம்ஸ் ராண்டி பிடிச்சு டிவில போட்டுக் காட்டினாரு.)

கோல்ட் ரீடிங்குக்குத் தமிழ் மாதிரி வசதியான மொழி கிடையாதுன்னு நான் சொல்வேன். அந்த "இல்லே?"யைக் கவனிங்க. "வடக்கால ஒரு சொந்தம் இல்லே?" அம்மா இருக்குதுன்னாங்க, "இருக்குதில்ல?"ன்னு அவர் ஜெயிச்சாரு. அம்மா இல்லைன்னு சொல்லியிருந்தா? "இல்லேல்ல, அதத்தான் சொல்றேன், வடக்கால தொணை இல்லே." அப்பவும் அவர்தான் ஜெயிப்பாரு. கேள்வியும் அதே வார்த்தை, மறுப்பும் அதே வார்த்தை. நம்ம பதிலைப் பொறுத்து அவர் என்ன சொன்னாருங்கறதே மாறிடும்!

அப்புறம் அந்த ச வரிசை, ம வரிசை. எங்க ஊர்ல அம்மா வயசுப் பொம்பளைங்க பேரை எண்ணிப் பாருங்க. சரஸ்வதி, சாந்தி, சுமதி, செல்வி, சுசீலா. மல்லிகா, மகேஸ்வரி, மாரியம்மா, மணிமேகலை. இந்த ரெண்டு வரிசையில ஒரு சொந்தக்காரி இல்லாத குடும்பம் இருந்தாச் சொல்லுங்க. அதுவும் பேரா, ஊரான்னு வேற ஒரு கதவைத் திறந்து வெச்சுக்கிட்டாரு.

தப்பாப் போனதும் உண்டு. "வூட்டுல யாருக்கோ கால் நோவு"ன்னாரு. யாருக்கும் இல்லைன்னாங்க அம்மா. "வரப்போகுது. அதத்தான் தடுக்கறேன்"னாரு. அம்மாகிட்ட இப்பக் கேட்டா இது ஞாபகமே இல்லை. பலிச்சது மட்டும் மனசுல நிக்கும், பலிக்காதது தானா அழிஞ்சுரும். லாக் ஃபைல் இல்லாத சர்வர் மாதிரி, பிரச்சனை எங்க வந்துச்சுன்னு அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது.

வைத்தீஸ்வரன் கோயில் நாடி ஜோசியமும் இதே வேலையை ஓலையை வெச்சுச் செய்யறதுதான்னு என் எண்ணம். கட்டைவிரல் ரேகை வாங்கிட்டு ஓலைக்கட்டைக் கொண்டுவருவாங்க. "உங்க அப்பா பேர் முருகன் பேரா?" இல்லை. அடுத்த ஓலை. "கூடப் பிறந்தவங்க ரெண்டு பேரா?" ஆமா. இப்படியே போய், கடைசியில நம்ம பேர், அப்பா பேர், அம்மா பேர் எல்லாம் போட்ட ஓலை கிடைக்கும். கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு இது புதுசா என்ன? ஆமா/இல்லை கேள்வி 10 இருந்தா 1,024 பேர்ல ஒருத்தரைப் பிரிச்சுடலாம். 20 இருந்தா 10,48,576 பேர்ல ஒருத்தரை. நாம கொடுத்த தகவலையே ராகம் போட்டுப் படிச்சுக் காட்டுவாங்க. அப்புறம் 13-வது காண்டம், சாந்தி காண்டம்னு பரிகாரம் வரும். பில் அங்கதான்.

ஆள் இல்லாமலும் இது நடக்கும். எங்க மாவட்டத்துல சிவன்மலையில ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கு. பக்தர் ஒருத்தர் கனவுல வந்த பொருளை, சாமிகிட்ட பூ போட்டுக் கேட்டுட்டுக் கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்க. தண்ணி வெச்சாங்க, சுனாமி வந்துச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. நானும் வருஷா வருஷம் அந்த மலைக்குப் போறவன்தான், சாமியைக் குறை சொல்லலை. ஆனா தண்ணி வெச்ச பிறகு வெள்ளம் வந்தாலும், வறட்சி வந்தாலும், நாம ரெண்டுக்கும் பொருத்தியிருப்போம். பொருள் மட்டும்தான் பெட்டிக்குள்ள இருக்கு, அர்த்தம் நம்மகிட்ட.

இது படிக்காதவங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1948-ல பெர்ட்ராம் ஃபோரர்னு ஒரு அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வெச்சு, ஆளாளுக்கு "உன் குணம் இதுதான்"னு எழுதிக் கொடுத்தாரு. 5-க்கு எவ்வளவு பொருந்துதுன்னு மார்க் போடச் சொன்னாரு. சராசரி 4-க்கு மேல. விஷயம் என்னன்னா எல்லாருக்கும் கொடுத்தது ஒரே காகிதம்! பெரும்பாலும் கடையில விக்கிற ஜோசியப் புத்தகத்துல இருந்து எடுத்தது.

ரே ஹைமன் கதை இன்னும் சுவாரசியம். சின்ன வயசுல கைரேகை பார்த்துக் காசு சம்பாதிச்சவரு. சும்மா இல்லை, கைரேகை நிஜம்னே நம்பினாரு, வந்தவங்க எல்லாம் அப்படியே நடந்துச்சுன்னு சொன்னதால. ஒரு நண்பர், ரேகை சொல்றதுக்கு நேர்மாறா சொல்லிப் பாரேன்னாரு. சொன்னாரு. அதுவும் அப்படியே பொருந்துதுன்னாங்க! அப்புறம் மனோதத்துவப் பேராசிரியராகி, 1977-ல கோல்ட் ரீடிங் பத்திக் கட்டுரையே எழுதினாரு. இதுல நான் எடுத்துக்கிட்டது: குறி சொல்றவங்க எல்லாரும் ஃபிராடுன்னு சொல்லத் தேவையில்லை. சொல்றவரும் நம்பலாம். எதிர்ல தலையாட்டற ஆள் இருந்தா யாருக்கும் தனக்குச் சக்தி இருக்குன்னு தோணிரும்.

அப்ப எதிர்ல இருக்கற ஆளை எடுத்துட்டா? அதைத்தான் ஆபிரகாம் கோவூர் கேட்டாரு. கேரளாவுல பிறந்து இலங்கையில வாழ்ந்தவர். 1963-ல ஒரு லட்ச ரூபாய் சவால் விட்டாரு. ஜோசியரும் ரேகை பார்க்கறவரும் பண்ண வேண்டியது இவ்வளவுதான்: 10 ஜாதகம் அல்லது 10 கை ரேகைப் படம் கொடுப்பாரு. இதுல ஆண் யாரு, பெண் யாரு, உயிரோட இருக்கறது யாரு, செத்தது யாருன்னு சொல்லணும். ஆள் எதிர்ல இருக்காது. 1978-ல அவர் சாகற வரைக்கும் பரிசு அவர்கிட்டயேதான் இருந்துச்சு. அதே சவாலைத் தொடர்ந்து நடத்தினவர் நமக்குப் பக்கத்துக்காரர். போத்தனூர்ல இருந்த பி. பிரேமானந்த். அங்கிருந்தேதான் 'இந்தியன் ஸ்கெப்டிக்' பத்திரிகையும் நடத்தினாரு. 2009-ல இறந்தாரு. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, 'கடைசி நேரத்துல மனசு மாறிட்டான்னு கதை கட்டுவாங்க, நான் மாறலை'ங்கற மாதிரி ஒரு அறிக்கையும் வெச்சுட்டுப் போனாரு. மனுஷங்க ஞாபகத்தை எப்படித் திருத்துவாங்கன்னு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

2008-ல நார்லீகர் குழு புனேயில செஞ்ச சோதனையும் இதே வகை. நல்லாப் படிக்கிற பிள்ளைகளோட ஜாதகத்தையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோட ஜாதகத்தையும் கலந்து ஜோசியர்களுக்கு அனுப்பினாங்க. பதில் அனுப்பின 27 பேரும் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்து, சரியாச் சொன்னது சராசரியா 46 சதவீதம். காசு சுண்டிப் போட்டிருந்தா 50 வந்திருக்கும்.

"ஏம்ப்பா, ஆறுதல் கிடைக்குது, போயிட்டுப் போறாங்க. உனக்கென்ன?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அன்னைக்கு அம்மா அழுததை நான் பார்த்தேன். அந்த ரெண்டு மாசத்துல அவங்களை உட்கார வெச்சு "உனக்கு என்ன கஷ்டம்?"னு கேட்ட ஒரே ஆள் அவர்தான். அப்பா கேக்கலை, நான் கேக்கலை. அதை ஒத்துக்கறேன்.

ஆனா அந்த ஆறுதலுக்கு விலை கொடுத்தது அத்தை. அத்தை எங்களுக்கு 40,000 ரூபாய் கைமாத்து கொடுத்திருந்தாங்க. மாமா சாயப்பட்டறையில வேலை பார்த்தவர், அவருக்கும் வேலை போச்சு. அதனால அந்த மாசம் அத்தை பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தாங்க. அந்தக் கசப்பு அம்மா மனசுல இருந்துச்சு. அவர் ஒரு ஆணியை அடிச்சாரு, பேரை அம்மா மாட்டினாங்க. பரிகாரத்துக்கு 7,500 ரூபாய். அதுவும் வட்டிக்கு. அந்தத் தீபாவளிக்கு அத்தை கொடுத்தனுப்பின முறுக்கு தூக்குப்போசியோட திரும்பிப் போச்சு. அக்கா கல்யாணத்துக்கு வந்த அத்தை, மொய் எழுதிட்டுச் சாப்பிடாமப் போனாங்க. அப்பாவுக்கு ரொம்ப நாள் காரணமே தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லலை. 13 வயசுல பயம், அப்புறம் சோம்பேறித்தனம்.

7,500 ரூபாயை ஆறு மாசத்துல அடைச்சுட்டோம். அத்தை கணக்கு இன்னும் நேராகலை.

அதனால பகுத்தறிவுப் பிரச்சாரமெல்லாம் எனக்கு வேண்டாம். வீட்டுல பெரியவங்க போறேன்னா தடுக்க முடியாது, நாமளும் கூடப் போகலாம். ரெண்டே விஷயம். ஒண்ணு, என்ன பேசினாங்கன்னு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. வீட்டுக்கு வந்து, அவர் சொன்னது எவ்வளவு, நம்ம வாயில இருந்து வந்தது எவ்வளவுன்னு எண்ணிப் பாருங்க. ரெண்டு, தொழில், உடம்பு, கல்யாணம்னு என்ன வேணா சொல்லட்டும். "சொந்தத்துல ஒருத்தர்"னு ஆரம்பிச்சா அந்த நிமிஷம் எந்திரிச்சு வந்துருங்க.

அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா போனப்புறம் அம்மாகிட்ட இதை எல்லாம் சொன்னேன். ச வரிசை, ம வரிசை, "நீயே சொல்லிட்டே" வரைக்கும். அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்ப அந்தப் பேரை நாந்தான் சொன்னனா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

ஆமாம்மான்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அத்தைக்கு இன்னும் ஃபோன் பண்ணலை. பண்ணுவாங்கன்னு நினைக்கிறேன்.

டிஸ்கி: நாடி ஜோசியத்துல அப்பா பேர் சரியா வந்துச்சுன்னு சொல்ல வர்றவங்க, அதுக்கு முன்னாடி எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னீங்கன்னும் சேர்த்துப் பின்னூட்டம் போடுங்க. கும்மிக்கு நான் ரெடி :-)