தொட்டுப் பார்த்திருந்தால்

என் தங்கைக்கு இருபது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். ஆலங்காயத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே டாக்டர் கேட்டார், எழுதினார், ஊசி போடச் சொன்னார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். அதே மேசை, அதே ஊசி. ஞாயிறு இரவு மூச்சு வாங்க ஆரம்பித்தது. 108இல் ஏற்றி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா தாண்டி வேலூர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

அங்கே ஒரு பெண் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு அவள் உடம்பு முழுவதையும் பார்த்தார். மார்புக்குக் கீழே, பீடியால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்காத புண் என்பதால் அவளே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "உண்ணிக் காய்ச்சல்" என்றார். ஸ்க்ரப் டைபஸ். ஆறு நாள் செயற்கைச் சுவாசம், பதினேழு நாள் மருத்துவமனை. பிழைத்துக்கொண்டாள்.

"மொதமொதல்ல கைய வெச்சுப் பாத்தது அந்தம்மாதான்டா" என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் நோய் இது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறவர்கள், சுள்ளி பொறுக்குகிறவர்கள், கழிப்பறை இல்லாமல் புதரோரம் ஒதுங்கும் பெண்கள், இவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டி யாரைக் குடிவைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டால் டாக்ஸிசைக்ளின் என்கிற மலிவான மாத்திரை போதும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடும்.

அறிவு தூரத்தில் இல்லை. தீவிர நிலைக்குப் போன நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகளை நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023இல் உலகுக்குச் சொன்ன ஆய்வை முன்னின்று நடத்தியதே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிதான். ஆனால் 2019இல் தனியாகப் பிரிந்த எங்கள் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு இன்னும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை.

அந்தக் கிளினிக் டாக்டர் சாதி பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். ஆனால் தோலைத் தொட்டு வேலை செய்ததாலேயே தொடக்கூடாதவர்கள் ஆக்கப்பட்ட மக்கள் நாங்கள். எங்கள் உடம்பை முழுதாகப் பார்க்காமலே சீட்டு எழுதிவிடலாம் என்ற பழக்கத்துக்கு வயது அதிகம்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் எங்கள் குடும்பத்தைப் பாராட்டினார்கள். "பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ பாத்தீங்களே!" எனக்கு அந்தப் பாராட்டு கசக்கிறது. என்ன பார்த்தோம்? பதினேழு இரவும் வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்தது அம்மாவும் பெரியம்மாவும்தான். ஷூ கம்பெனியில் லீவு போட்டால் சம்பளம் போகும் என்று நான் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினேன். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைப் பெருமளவு தாங்கியது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வெளியில் வாங்கிய மருந்துக்கும் அம்மாவின் கம்மல் போனது, குழுக் கடன் ஏறியது. அம்மாவின் வருமானம் நின்றது.

அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறவர். ஏஜெண்ட் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்குச் சில ரூபாய். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இப்படித் தைத்த காலணிகள் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகின்றன. தைத்தவர் பெயர் எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. என் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், எனக்கு உண்டு. ஆனால் என் அட்டையில் தங்கைக்கு இடமில்லை. அம்மாவிடம் அட்டை இருந்திருந்தால், அவரை நம்பி வாழும் திருமணமாகாத மகளாக அவளுக்கு முழு சிகிச்சை உரிமையாகக் கிடைத்திருக்கும். டாக்டர் தொடாததைப் போலவே சட்டமும் எங்கள் வாசலைத் தொடவில்லை.

இந்த இ.எஸ்.ஐ. யாரும் போட்ட பிச்சை அல்ல. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தபோதுதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு குறித்த அடார்க்கர் அறிக்கை 1944இல் வந்தது. அதன் வழியே 1948இல் சட்டம் வந்தது. கம்பெனிகள் வேலையை வீட்டுக்கு அனுப்பி, அந்த உரிமையை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டன. வீட்டிலிருந்தே வேலை செய்யும் தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. அன்பு இல்லாவிட்டால் அவள் இல்லை. ஆனால் முதலாளியும் அரசும் தர வேண்டியதை ஒரு தாயின் கம்மலில் இருந்து எடுத்துக்கொண்டு, அதற்குப் 'பாசம்' என்று பெயர் வைப்பதை ஏற்க முடியாது.

கேட்க வேண்டியவை மூன்று. வீட்டில் தைக்கும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் கம்பெனிப் பதிவேட்டில் ஏறி, இ.எஸ்.ஐ. கிடைக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கி மாசி வரை, காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்ணிக் காய்ச்சலுக்காகப் பார்க்க வேண்டும். ஊரோரக் குடியிருப்புகளில் தண்ணீரோடு கழிப்பறை வேண்டும்.

தங்கை மறுபடி கல்லூரிக்குப் போகிறாள். அம்மா மறுபடி தைக்கிறார், முன்பைவிட அதிக ஜோடிகள். கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.