பெட்டிக்கு விடுதலை வேண்டும்

டெலிவிஷன் பார்ப்பதற்குக் கேபிள் சிறந்ததா, டிஷ் சிறந்ததா என்ற விவாதம் தமிழ்நாட்டில் வீடுதோறும் நடைபெறுகிறது. இரு கட்சியிலும் நியாயமுண்டு. அரசு கேபிள் நிறுவனம் 2011-ல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தொடங்கியபோது, கேபிள் ஏழைக் குடும்பங்களுக்கும் கைக்கெட்டும் பொருளாயிற்று. கம்பி அறுந்தால் தெருக்கோடியிலுள்ள ஆப்பரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆயினும், வர்தா போன்ற புயல்கள் மரங்களைச் சாய்க்கும்போது, கம்பங்களில் தொங்கும் கம்பிக்குக் கதியில்லை. டிஷ்ஷோ, கம்பி எட்டாத குக்கிராமத்திற்கும் சேவை அளிக்கிறது. ஆனால் கனமழையில் அதன் அலை மங்கிவிடும். 2010 ஜூலையில் இன்ஸாட் 4பி துணைக்கோளில் மின்சக்தி குறைந்து, அதன் ஒலிபரப்புக் கருவிகளில் பாதி நிறுத்தப்பட்டதையும் மறப்பதற்கில்லை.

இவற்றோடு ரிக்கார்டர் பெட்டியும் சேர்ந்துகொண்டது. நமது நாட்டில் 2008-ல் டாட்டா ஸ்கை நிறுவனம் அத்தகைய பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒளிபரப்பாளர் குறித்த நேரத்தை விட்டு, நமக்கு ஓய்வுள்ள நேரத்தில் பார்ப்பது மெய்யான சௌகரியமே. ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிவுசெய்ய வேண்டுமானால் பெட்டியில் இரண்டு டியூனர்கள் இருத்தல் அவசியம். வாங்குவோர் இதை விசாரித்துக்கொள்வது நலம்.

எனினும், விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி வேறு. பணங்கொடுத்து வாங்கிய பெட்டி யாருடையது? சேவையைக் கைவிட்ட மறுநாளே அது வெறும் தகரமாகிவிடுகிறது. இத்தகைய ரிக்கார்டரில் சேமித்த நிகழ்ச்சிகள் இரகசியக் குறியீட்டில் பூட்டப்பட்டிருப்பதால், அவற்றை வேறு கம்பெனியின் பெட்டியில் காண இயலாது. புதிதாகச் சேரும் இடத்தில் மீண்டும் பெட்டிக்குப் பணம். இந்நிலையில், அதிருப்தியுற்ற சந்தாதாரர் முணுமுணுத்தபடியே பழைய இடத்தில் இருந்துவிடுகிறார். கம்பெனிகளின் அலட்சியத்திற்கு இதைவிட வேறு பாதுகாப்பு வேண்டுமோ?

இந்நிலை மாற்றவொண்ணாத விதியன்று. ஒருவர் டிஷ் பெட்டியை மற்றவர் சேவைக்கும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டுமென்று 2001-ஆம் ஆண்டின் லைசென்சு விதிகளே கூறின. ஏட்டிலிருந்த அவ்விதி வீட்டுக்கு வரவில்லை. கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் பெட்டிகள் சேவை மாறினாலும் பயன்படத்தக்கனவாக வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் சிபார்சு செய்தது. பின்னரும் பெட்டிகள் தத்தம் கம்பெனிக்கே அடிமைப்பட்டிருக்கின்றன.

பெட்டியைத் திறந்துவிட்டால் திருட்டு மிகும், செலவு ஏறும் என்று கம்பெனிகள் வாதிக்கலாம். பூட்டைத் திறக்கும் உறுப்பைத் தனியாகக் கழற்றி மாட்டத்தக்கதாக அமைத்தால் திருட்டுக்கு இடமில்லை. செலவோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் புதுப்பெட்டி வாங்கும் ஜனங்களின் தலையில் இன்றே விழுகிறது. 2011 ஜனவரியில் நாடெங்கும் கைபேசி எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை கிடைத்தது. அதனால் டெலிபோன் வியாபாரம் அழிந்துபோகவில்லை.

கேபிளையோ டிஷ்ஷையோ தேர்ந்துகொள்ளும் ஜனங்கள், விலகும் நாளில் பெட்டியும் பதிவுகளும் என்னவாகும் என்று முதலிலேயே எழுத்துமூலம் கேட்டு வாங்க வேண்டும். மத்திய அரசோ, ஆணையத்தின் சிபார்சுக்குக் காலவரையறை விதித்துச் சட்டபலம் அளிக்க வேண்டும். விலகும் உரிமை இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது வெறும் பேச்சே.