பேட்டரி இல்லாத பொம்மை

1988இல் வெளிவந்த ‘சைல்ட்ஸ் ப்ளே’ படத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாத காட்சி ஒன்று உண்டு. மகனுக்கு வாங்கித் தந்த பேசும் பொம்மையின் அட்டைப்பெட்டியைத் தாய் கையில் எடுக்கிறாள். உள்ளேயிருந்து பேட்டரிகள் தரையில் விழுகின்றன. இதுவரை பொம்மையில் போடப்படாத பேட்டரிகள். அப்படியானால் இத்தனை நாளும் பேசியது எது? பொம்மையைத் திருப்பி முதுகு மூடியைத் திறக்கிறாள். உள்ளே காலி. பொம்மை இன்னும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை, பார்க்கிறவருக்கு வியர்த்துவிடுகிறது.

பொம்மைத் திகிலைச் சிறப்புப் பொருளாகக் கொண்ட இந்த இதழை அந்தக் காலிக் குழியிலிருந்தே தொடங்குகிறோம். சக்கி என்ற அந்தப் பொம்மையை வடிவமைத்தவர் கெவின் யாகர். முகத்தின் ஒவ்வொரு சுளிப்புக்கும் ரிமோட்டோடு ஆட்கள் நின்றார்கள். முழு உருவமும் ஓடவேண்டிய சில ஷாட்களில் உயரம் குறைந்த நடிகரான எட் கேல் பொம்மை வேடம் போட்டார். அவர் உருவம் சிறியதாகத் தெரிவதற்காக செட்டையே பெரிதாக்கிக் கட்டினார்கள். அத்தனை உழைப்பும் பலித்தது, அதற்கு முன்பே ஒரு வெற்றிடம் நம்மை நம்பவைத்துவிட்டதால்தான்.

2019இல் லார்ஸ் க்ளெவ்பெர்க் இயக்கிய மறு ஆக்கத்தில் இந்தப் பேட்டரிக் காட்சிக்கு இடமே இல்லை. அங்கே பொம்மை, வீட்டிலுள்ள மற்ற கருவிகளோடு பேசும் ஒரு ‘ஸ்மார்ட்’ சாதனம். மூலப் படத்தில் பொம்மைக்குள் புகுந்த கொலைகாரனின் ஆவி இங்கே கிடையாது. வியட்நாம் ஆலையில் மேலாளரிடம் வசை வாங்கிய தொழிலாளி ஒருவர், ஒரே ஒரு பொம்மையின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை நீக்கிவிடுகிறார். பையன்கள் திகில் படம் ஒன்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதைக் கண்ட பொம்மை, கத்தி எடுத்தால் நண்பன் மகிழ்வான் என்று கற்றுக்கொள்கிறது. ஆவி போனதால் உயிரும் போயிற்று என்று பழைய ரசிகர்கள் குறைபட்டார்கள். நம் கருத்து வேறு. ஆவியை எடுத்தது சரியே. பேட்டரி இல்லாமல் பேசுவது 1988இன் பயம். அணைக்கவே முடியாமல் கேட்டுக்கொண்டிருப்பது இன்றைய பயம். படம் சறுக்கியது, பிற்பாதியில் அந்தப் புதிய பயத்தைக் கைவிட்டு, வரிசையாகக் கொலை செய்யும் பழைய தடத்துக்கே திரும்பியபோதுதான். மறு ஆக்கம் என்ற பெயர் இல்லாமலே வந்த ‘மேகன்’ இந்த இடத்தில் உறுதியாக நின்றது. பெற்றோரை இழந்த குழந்தையை வளர்க்கும் பொறுப்பைப் பொம்மையிடம் தள்ளிவிடும் சித்தியின் குற்ற உணர்ச்சிதான் அதன் பயம்.

பொம்மைக்குள் இருப்பது யார் என்ற கேள்விக்கு நம் ஊர் விடை 1991லேயே வந்துவிட்டது. கலைவாணன் கண்ணதாசன் இயக்கிய ‘வா அருகில் வா’, அமெரிக்கப் படத்தின் சாயலை மறைக்கவில்லை. ஆனால் உள்ளே புகுந்தது தெருக் கொலைகாரன் அல்ல, புகுந்த வீட்டாரால் கொல்லப்பட்ட மருமகள். ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி நாளிதழ்களில் வாடிக்கையாக வந்த காலம் அது. வரதட்சணைச் சாவுக்கென்றே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது 1986இல். கொட்டகைக்குள் வந்தவருக்கு அந்த ஆவி யாரென்று விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அநியாயமாகச் செத்தவளைத் தெய்வமாக்கிப் பொங்கல் வைக்கும் மண்ணில், பொம்மை கத்தியைத் தூக்கும்போது பார்வையாளர் அதன் பக்கம் சாய்ந்தார். மூலப் படத்தில் இந்தச் சாய்வு இல்லவே இல்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தியில் ‘பாபி குடியா’ வந்தது. கொலைகாரன், மந்திரம், கடைப் பொம்மை எல்லாம் மூலத்தில் உள்ளபடியே. கொலைகாரனின் பெயர் சார்லஸ் என்பது சரண்தாஸ் ஆனதுதான் பெரிய மாற்றம். பெயரை மட்டும் மாற்றிய இடத்தில் பயம் ஒட்டவில்லை.

ரீமேக் என்றால் முகம் சுளிக்கும் உரிமை நம் ஊருக்குக் கிடையாது. கோவை சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது, எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947இல் அங்கிருந்துதான் வந்தது. அந்த ஸ்டூடியோவின் பங்குதாரர்களில் ஒருவராக இருந்த ஸ்ரீராமுலு நாயுடு, பின்னர் பட்சிராஜா ஸ்டூடியோவைத் தொடங்கி, 1954இல் ‘மலைக்கள்ளன்’ எடுத்தார். அதே கதை தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று மேலும் ஐந்து மொழிகளுக்குப் போனது. வீரக்கதை பயணத்தைத் தாங்கும். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுப்பவன் எந்த ஊரிலும் நாயகன்தான். பயம் அப்படியல்ல. அது அந்தந்த வீட்டுச் சுவருக்குள் விளைவது.

நம் வாசகர்கள் பொம்மை செய்பவர்கள், இயக்குபவர்கள், ஒளியமைப்பவர்கள். கதையை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். பொம்மையின் கனத்தை முடிவு செய்வது நாம். தூக்குகிற நடிகையின் தோள் சற்றே இறங்கினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று வசனமில்லாமல் சொல்லிவிடலாம். கண்ணும் நம் கையில். சிற்பி கண்ணைக் கடைசியாகத் திறக்கும் மரபில் வந்தவர்கள் நாம். முதல் ஷாட்டிலேயே உருட்டி விழிக்கும் கண்ணைப் பொருத்திவிட்டால் பிற்பாடு திறப்பதற்கு என்ன மிச்சம்? கிராபிக்ஸைக் குறை சொல்வதும் வீண். ‘மேகன்’ படத்தில் முகமூடி அணிந்த சிறுமி, இயந்திரப் பொம்மை, கணினி வேலை மூன்றும் கலந்திருந்தன. எது எந்த ஷாட்டில் என்ற கணக்கில்தான் தொழில் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன், கலைத்துறை உதவியாளரான இளைஞர் ஒருவர், பொம்மைக் கழுத்தைத் திருப்பச் சின்ன மோட்டார் கேட்டு இங்கே காயில் கட்டும் பட்டறைக்குப் போனார். நானும் உடன் சென்றேன். பட்டறைக்காரர் கழுத்தைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மோட்டார் போட்டுர்லாமுங்க. இது திரும்பி யாரைப் பாக்குதுங்க?”

இளைஞரிடம் பதில் இல்லை. இயக்குநர் சொல்லவில்லை என்றார். பட்டறைக்காரர் கழுத்தை மேசைமேல் வைத்தார். “கேட்டுட்டு வாங்க. எத்தனை டிகிரின்னு அப்பத்தானுங்க தெரியும்.”